பெரட்டுக்கு முன் வரும் வலி

நடந்தது இவ்வளவுதான்:

1. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலம். ஒரு மழைப் பருவம் தொடங்கியபோது மாமா படுக்கையை விட்டு எழும்புவதை நிறுத்தினார்.
2. தோட்டத்து டாக்டரய்யா சோதித்துப் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்.
3. மாமா வேலைக்குப் போகாவிட்டால், தோட்டம் தந்த எங்கள் ஒற்றையறைக் காம்பரா போய்விடும் என்றார்கள்.
4. நான் வழுக்கி விழுந்து அழுதேன். மாமா எழும்பினார்.
5. அதன்பிறகு காலைதோறும் அழுதேன், வலி இல்லாமலே.
6. கடைசித் தவணை என்று சொல்லப்பட்ட நாளில் உண்மையான வலி வந்தது.
7. அன்று மாமா, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வரிசையில் நிற்கவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கி உட்கார்ந்தவர்களே, அண்மையில் கண்டியில் ஒரு கலியாண வீட்டில் உங்களில் சிலரைச் சந்தித்தேன். சாப்பாடு வரும்வரை பழைய கதை பேசினோம். அப்போது ஒருத்தி கேட்டாள்: "ஒங்க சோம்பேறி மாமா இன்னும் இருக்காராடி?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். நமக்கெல்லாம் இன்னும் நாற்பது ஆகவில்லை. அதற்குள் அந்தப் பருவம் ஒரு பகிடியாகிவிட்டது. உங்களுக்கு அது பகிடியாகவே இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பருவம் முழுவதும் இருந்தது பயம் ஒன்றுதான். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பயத்தையும் அப்படியே சொல்கிறேன்.

முதல் பயம், அலுமாரி.

எங்கள் லயத்து வரிசையின் கடைசிக் காம்பராவில் இருந்த குடும்பத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வீட்டுக்காரர் டவுனில் வேலை தேடிப் போய்ப் பல நாள் திரும்பவில்லை. தோட்டத்துப் பதிவில் அவர் பேரை வெட்டினார்கள். பேர் இல்லாதவர்களுக்குக் காம்பராவும் இல்லை. ஒரு மத்தியானம் அவர்களுடைய சட்டி பானையெல்லாம் லொறியில் ஏறியது. அலுமாரி மட்டும் ஏறவில்லை. கதவில் கண்ணாடி பதித்த அலுமாரி அது. அதை முற்றத்திலேயே விட்டுப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. அந்தக் கண்ணாடியில் எங்கள் லயம் முழுவதும் தெரிந்தது: தகரக் கூரை, அதன் மேல் தவழும் புகை, இஸ்தோப்புத் திண்ணையில் நிற்கும் நான். தண்ணீர் வழிய வழிய நான் கண்ணாடிக்குள் கரைந்துகொண்டிருந்தேன். சில நாளில் பலகை ஊதிப்போய், யாரோ விறகுக்குப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அந்த இடத்தைத் தாண்டும்போது நான் ஓடித்தான் போவேன்.

இரண்டாவது பயம், மாமாவின் முதுகு.

மாமா, அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் தோட்டத்துப் பதிவில் பேர் இருந்த ஒரே ஆள் அவர்தான். அம்மா பதிவில்லாமல் அன்றாடக் கூலிக்குக் கொழுந்து எடுத்தார். ஆகவே காம்பரா மாமாவின் பேரில் இருந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறினால் பக்கத்தில் நிற்கிறவனின் நிரையையும் சேர்த்து வெட்டி முடித்துவிட்டு வருகிற ஆள் அவர். மழை தொடங்கிய ஒரு காலை அவர் எழும்பவில்லை. காய்ச்சல் என்று நினைத்து அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மறுநாளும் எழும்பவில்லை. வீட்டில் புதிதாய்ச் சாவு இல்லை, சண்டை இல்லை. குடி இல்லை. காதல் என்று ஊரே துருவிப் பார்த்தது, ஒரு பெண்ணும் அகப்படவில்லை. காரணம் இல்லாததுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

பலகைக் கட்டிலில், சிவப்புக் கரை போட்ட கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புகை பிடித்த சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கொடுத்தால் கொஞ்சம் சாப்பிடுவார். கேட்டால் "ம்" என்பார். கோபமே வராது. அடுப்புப் புகையும் நனைந்த கம்பளி மணமும் கலந்து காம்பராவுக்குள் நின்றன. இன்றைக்கும் ஈரக் கம்பளி மணம் மூக்கில் பட்டால் ஓடிப்போய் ஜன்னலைத் திறக்கிறேன்.

அம்மா திட்டிப் பார்த்தார், பிறகு அழுதும் பார்த்தார். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வேப்பிலை அடித்தார். கங்காணி வந்து இஸ்தோப்பில் நின்று பேசிப் பார்த்தார்.

"என்னா மாப்பிள்ளை, தொரை பங்களாவுல ஒனக்குப் பொண்ணு பாத்திருக்கோம். எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு!"

முதுகு அசையவில்லை.

கடைசியில் டாக்டரய்யாவைக் கூட்டி வந்தார்கள். அவர் குழாயை நெஞ்சில் வைத்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், முழங்காலில் தட்டினார்.

"நெஞ்சு குதிரை மாதிரி இருக்கு. ஒரு வருத்தமும் இல்ல. ஆள் ஆரோக்கியம்."

"அப்ப ஏன்யா எந்திரிக்க மாட்டேங்கிறான்?" என்றார் அம்மா.

"சோம்பலுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. பெரம்பு இருந்தா எடுத்துக்க."

ஆரோக்கியம் என்ற சொல் அன்று எங்கள் வீட்டில் சாவுச் செய்தி போல விழுந்தது. சுகமில்லை என்று அவர் ஒரு துண்டு எழுதித் தந்திருந்தால் பேரை வெட்ட மாட்டார்கள். ஆரோக்கியமான ஆள் படுத்திருந்தால் வெட்டுவார்கள். அம்மா விளக்கின் திரியைக் குறைத்தார். எனக்கு அலுமாரிக் கண்ணாடி கண்ணுக்குள் வந்தது.

அப்புறம்தான் நான் விழுந்தேன். விடியற்காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது தண்ணீர் ஓடும் கானுக்குள் பாசி வழுக்கிவிட்டது. முழங்கால் பிளந்தது. குடத்தை விட்டுக் கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து வருமுன்னே மாமா வந்துவிட்டார். கம்பளியோடு என்னை அள்ளிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கட்டுப் போட்டுத் திரும்பும்போது தண்டவாளத் துண்டில் பெரட்டு மணி அடித்தார்கள். களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரம். பின்னாலேயே ஓடிவந்திருந்த அம்மாவின் கையில் மாமா என்னைக் கொடுத்தார். கொஞ்சநேரம் நின்று யோசித்தார். பிறகு போய் வரிசையில் நின்றுகொண்டார். அன்று முழுநாள் வேலை செய்தார்.

மறுநாள் மறுபடி சுவர்.

அம்மா இருட்டில் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாப்பா, முழங்கால் வலிக்குதா?"

"இல்லம்மா."

"வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்கலயே."

"சத்தமாச் சொல்லு. மாமாவுக்குக் கேக்கணும்."

இப்படித்தான் தொடங்கியது. முழங்கால் ஆறியதும் காது. காதுக்குப் பிறகு பல். பல்லுக்குப் பிறகு தலைசுற்று, வயிறு. அடுத்தடுத்து ஒரே வலி வராதபடி மனதுக்குள் வரிசை வைத்திருந்தேன். நான் அழுவேன். கட்டில் கிறீச்சிடும். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிப் பாதையில் நடப்பார். பெரட்டுக் களத்துக்கு வந்ததும் நான் சொல்ல வேண்டிய வசனத்தை அம்மா சொல்லித் தந்திருந்தார்: "இப்ப பரவாயில்ல மாமா." மாமா என்னை இறக்கிவிட்டு வரிசையில் நிற்பார்.

களத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

"இன்னைக்கு என்னா பாப்பா, காதா பல்லா?" என்பார் கங்காணி.

"நேத்து வலது காது. இன்னைக்கு எடது காதாத்தான் இருக்கும்," என்பார் பெரியம்மா.

"அப்ப நாளைக்கு மூக்கு. குறிச்சு வச்சுக்கங்க."

பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குத் துணியை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் நீங்களும் அதையே கேட்டீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். மாமா ஒருவருக்குத்தான் தெரியாது என்று எல்லோரும் நம்பினோம். ஊரே சேர்ந்து ஒரு மனிதரை வேலைக்கு அனுப்பியது. அதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷமும் இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. நோயை வாயால் சொன்னால் அது வீடு தேடி வரும் என்று பெரியம்மா எப்போதும் சொல்வார். நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் பொய் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். எல்லாவற்றையும்விட, என் முதல் அழுகைக்கும் கட்டில் கிறீச்சிடுவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிக்குப் பயந்தேன். தகரத்தில் மழை விழும். நான் காதைத் தீட்டிக்கொண்டு அழுவேன். நாளாக நாளாக அந்த இடைவெளி நீண்டது.

பிறகு கிறீச் வராத நாட்களும் வந்தன. நான் எப்படி அழுதும் வரவில்லை. ஒரு பின்னேரம் கங்காணி நனைந்துகொண்டு வந்து வாசலிலேயே நின்றார். அன்று அவர் வாயில் கேலி இல்லை.

"தங்கச்சி, நாளைக்கும் வராட்டிப் பேர வெட்டிருவாங்க. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், தொரை ஐயா கேக்கல."

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொப்புளைச் சுற்றி ஏதோ பிசைந்தது. பயத்தால்தான் என்று நினைத்தேன். விடியும்போது வலி வலது பக்கம் இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. அசைந்தால் குத்தியது. மூச்சை ஆழமாக இழுத்தாலும் குத்தியது. முழங்காலை மடக்கிக்கொண்டு கல் மாதிரிக் கிடந்தேன்.

"ம், தொடங்கு," என்றார் அம்மா மெதுவாக.

நான் தொடங்கவில்லை. அழ முடியவில்லை.

"இன்னைக்குன்னு பாத்து ஊமையாயிட்டியே! அழுடி!"

"வயிறு..." என்றேன். அது காற்றாகத்தான் வந்தது.

"ஆமா, வயிறுதான். சத்தமா!"

அப்புறம் அம்மாவே எனக்காக அழத் தொடங்கினார். "ஐயோ, பிள்ளைக்கு வயிறு வலிக்குதே! துடிக்கிறாளே!" என்று சுவருக்குக் கேட்கும்படி குரல் எடுத்தார். நான் துடிக்கவில்லை. அசையாமல் கிடந்தேன். அம்மாவின் குரல் மேலே மேலே போனது. கட்டில் கிறீச்சிடவில்லை. பெரட்டு மணிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாவின் குரல் உடைந்து நின்றுபோனது. காம்பராவில் என் மூச்சு மட்டும் கேட்டது, சின்னச் சின்னதாக.

அதற்குத்தான் கட்டில் கிறீச்சிட்டது.

மாமா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேல் குனிந்தார். கையை என் வயிற்றுக்கு மேலே கொண்டுவந்தார், ஆனால் தொடவில்லை. "அக்கா, சும்மா இரு," என்றார். கம்பளியை விரித்து, என் கால் நீளாதபடி, மடங்கினது மடங்கினபடியே சுற்றித் தூக்கினார்.

பெரட்டுக் களத்தில் மழைக்குள் எல்லோரும் நின்றார்கள். கணக்கப்பிள்ளை குடைக்குக் கீழே பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கங்காணிக்கு உயிர் வந்தது.

"வந்துட்டாருய்யா மாப்பிள்ளை! இந்தா, நிரையில வந்து நில்லு!"

மாமா நடையை நிறுத்தவில்லை. அம்மா பின்னால் ஓடிவந்தார். "பாப்பா, சொல்லு! இப்ப பரவாயில்லன்னு சொல்லு!" என்று கத்தினார். நான் சொல்லவில்லை. மாமா களத்தின் நடுப்பகுதியைத் தாண்டினார். அம்மா கம்பளியின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, நில்லுடா! அது நடிப்புடா! நான்தான் சொல்லிக் குடுத்தேன். தெனமும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். நில்லுடா, வீடு போயிரும்டா!"

 மாமா ஒரு நிமிஷம்தான் நின்றார்.

"தெரியும்க்கா," என்றார். "இன்னைக்கு நெசம்."

அம்மாவின் கை கம்பளியை விட்டது. எங்களுக்குப் பின்னால் மாமாவின் பேரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொருமுறை. அன்று டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கினார்.

அங்கே வந்த முதல் பஸ் பேராதனைக்குப் போவது. கண்டக்டர் எங்களைப் பார்த்து, "லெடெக்த?" என்றார், நோயாளியா என்று. பருவம் முழுவதும் "ம்" தவிர ஒன்றும் பேசாத மாமா, அதற்கெல்லாம் சேர்த்து அந்த பஸ்ஸில் பேசினார். உடைந்த சிங்களத்தில் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கேட்டார். வளைவில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் கும்பிட்டார். வழியில் ஏறியவர்களிடம், "தள்ளிக்கங்க, பிள்ளைக்கு வயிறு, தள்ளிக்கங்க," என்று ஒருவர் விடாமல் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் விழுமுன் என்னைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். நான் கம்பளிக்குள்ளிருந்து அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போவேன் என்று நினைத்தேன். பேர் கூப்பிட்ட அந்தச் சத்தமும் கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் குடல்வாலை அறுத்து எடுத்தார்கள். வெடிக்கிற நிலையில் இருந்ததாம். கண் விழித்தபோது மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான் பொய்யா அழுதது ஒங்களுக்குத் தெரியுமா?"

"காது வலிக்கிறவ காதப் புடிச்சிக்கிட்டு அழுவா. நீ என் கழுத்தப் புடிச்சிக்கிட்டுல்ல அழுத."

"அப்ப ஏன் எந்திரிச்சீங்க?"

அவர் வார்டின் ஈர நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்தப் புடிச்ச கை நடுங்கிச்சு. தெனமும் நடுங்கிச்சு. வலி பொய்தான். நடுக்கம் பொய்யில்லயே." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "அதுக்கு எந்திரிக்க முடிஞ்சிச்சு. பிந்தி அதுக்கும் முடியல," என்றார்.

பேரை வெட்டினார்கள். கங்காணி வாதாடினாராம். "அவன் வேலைக்குத்தான்யா போயிருக்கான்."

"எந்த மலைக்கு?"

"ஆஸ்பத்திரிக்கு ஆள் தூக்குற வேலை."

யாரும் சிரிக்கவில்லையாம். பெரியம்மாதான் பிறகு வந்து சொன்னார். என் வயிற்றுத் தையல் பிரித்த கையோடு நாங்கள் பேராதனைப் பக்கம் ஒரு வாடகை அறைக்குப் போனோம். அம்மா மாணவர்கள் தங்கும் போர்டிங்கில் சமையலுக்குச் சேர்ந்தார். மாமாவின் பலகைக் கட்டில் லொறியில் ஏறவில்லை. அது முற்றத்தில் நின்றதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என் வேலை, மனிதர்களின் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தின் கோட்டைக் காகிதத்தில் எடுப்பது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் புதிதாக உத்தியோகம் ஏற்பவர்களும் வருவார்கள். பெரும்பாலும் கோடு சரியாகத்தான் இருக்கும். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று நான் சொல்லும்போது சிலர் முகத்தில் சந்தோஷம் வருவதில்லை. அவர்களைக் கண்டால் எனக்கு டாக்டரய்யாவின் குழாய் நினைவுக்கு வரும்.

இரக்கம் மனதில் இருப்பது, எழும்புவது உடம்பின் காரியம் என்று நாம் பிரித்தே பேசினோம். மாமாவுக்கு இரக்கம் உண்டு, உழைப்பு இல்லை என்றோம். அவரிடம் அவை இரண்டும் ஒரே கம்பியாக இருந்தன. நம்மிடமும் கொஞ்சம் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும் நாளில் பாண் ரொட்டியைச் சீனியில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுக்கிறோம். யாராவது வந்தால் எழும்பி உலை வைக்கிறோம். மாமாவுக்கு யாராவது வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் கதை வேறு. அவர் ஒருநாளும் எழும்பாமல் இருந்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் எழும்பி, எல்லோருக்கும் பிறகு படுத்தவர். அந்த ஓட்டத்தில் அன்று காலை என் முகத்தைப் பார்க்க அவருக்கு இடம் இல்லாமல் போனது. அவருக்கும் கை நடுங்கியிருக்கும். அதை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

ஆகவே, கலியாண வீட்டில் கேட்டதற்குப் பதில். அந்தக் காம்பராவில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. மாமா இருக்கிறார், என் வீட்டின் முன்னறையில். கல்யாணம் செய்யவில்லை, ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. தோட்டங்களிலிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்கு யாராவது வந்து, பக்கத்தில் இருக்க ஆள் இல்லை என்றால் அவரைக் கேட்கிறார்கள். அந்த நாட்களில் எனக்கு முன்னால் எழும்பி, சவரம் செய்து, சுடுதண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நிற்பார். ஆள் இல்லாத நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் காது என்றும் பல் என்றும் சொல்வதில்லை. கதவருகே நின்று, "மாமா, எனக்குப் பயமா இருக்கு," என்கிறேன். அது பொய்யில்லை. பெரும்பாலும் எழும்புகிறார்.

இன்று காலையும் சொன்னேன். இதை எழுதும்வரை கட்டில் கிறீச்சிடவில்லை. அவர் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. வேறு ஊற்றப் போகிறேன்.